மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ்: குழந்தைப்பேறுக்கு இரத்த வகை தடையா?

உங்கள் கேள்வி இது: உங்களுக்கு பி நெகட்டிவ், பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஓ பாசிட்டிவ். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நெகட்டிவ் பெண்ணுக்குக் கரு தங்காது, தங்கினாலும் ஒரு பிள்ளையோடு சரி" என்று சொல்லிவிட்டார். உங்கள் அப்பா, அம்மா இருவருமே பாசிட்டிவ் என்பதால், பெண்ணுக்கு மட்டும் எப்படி நெகட்டிவ் வந்தது என்ற பேச்சும் எழுந்திருக்கிறது.

திருமணத்தைத் தாராளமாக நடத்துங்கள். நீங்கள் கருத்தரிப்பதற்கு உங்கள் இரத்த வகை எந்த விதத்திலும் தடை இல்லை. எத்தனை குழந்தைகள் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்யலாம், இரத்த வகை முடிவு செய்யாது. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கவனமாகப் பின்பற்ற வேண்டிய ஒரு நடைமுறை இருக்கிறது. அதன் நடுநாயகம் ஓர் ஊசி. அந்தப் பெரியவர் சொன்னதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் மாட்டேன். அந்த ஊசி வருவதற்கு முந்தைய தலைமுறைகளில், முதல் பிள்ளை நன்றாகப் பிறந்து, அடுத்தடுத்த பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்த குடும்பங்கள் உண்மையில் இருந்தன. அவர்கள் பார்த்தது உண்மை. அதற்கு மருந்து வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்பதுதான் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் உங்கள் பெற்றோரைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். இரத்த வகை பார்க்கும்போது பரிசோதகர் ஒரு கண்ணாடித் தகட்டில் மூன்று இடங்களில் உங்கள் இரத்தத்தை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மருந்து விடுவார். ஆன்டி-ஏ நீல நிறம், ஆன்டி-பி மஞ்சள் நிறம், ஆன்டி-டி நிறமற்றது. எந்தச் சொட்டில் இரத்தம் திரிதிரியாகத் திரள்கிறதோ அந்தப் பொருள் உங்கள் சிவப்பணுக்களின் மேல் இருக்கிறது என்று பொருள். உங்கள் இரத்தம் மஞ்சள் சொட்டில் திரண்டிருக்கும், மூன்றாவது சொட்டில் திரளாமல் அப்படியே கலங்கியிருக்கும். அந்த மூன்றாவது சொட்டு தேடுவது டி என்ற ஒரே ஒரு புரதத்தை. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். உடம்பில் எந்தக் குறையும் அதனால் வருவதில்லை.

அந்தப் புரதத்துக்கான மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகளாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி வேலை செய்தாலே போதும், அவர் பாசிட்டிவ். ஆகவே உங்கள் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு டி உள்ள பிரதியும் ஒரு டி இல்லாத பிரதியும் வைத்திருந்தால் இருவருமே பாசிட்டிவ்தான். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நெகட்டிவாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதை வைத்து ஒரு தாயின் மேல் சந்தேகப் பார்வை விழுவதைப் போல அநியாயம் வேறில்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள். ஐயம் தீர வேண்டுமானால் ஓர் இரத்த வங்கியில் மறுபடி ஒருமுறை வகை பார்த்துக்கொள்ளுங்கள். டி புரதம் மிகக் குறைவாக உள்ள 'வீக் டி' என்ற நிலையைச் சாதாரணத் தகட்டுச் சோதனை சில நேரம் தவறவிட்டுவிடும். இரத்த வங்கியில் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது கருத்தரிப்பு. ஏ, பி, ஏபி, ஓ ஆகிய வகைகளுக்கும் கருமுட்டை இருப்புக்கும் தொடர்பு உண்டா என்று பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஓ வகைப் பெண்களுக்கு முட்டை இருப்பு குறைவு என்று 2010ஆம் ஆண்டு வாக்கில் ஒரு செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில தொடர்பே இல்லை என்றன, சில நேர் எதிராகக் காட்டின. இன்று எந்தக் குழந்தையின்மைச் சிகிச்சை மருத்துவரும் இரத்த வகையை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் (பெண்ணுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம்) பார்க்க வேண்டியவை முட்டை வெளிவருவது, கருக்குழாய், கருப்பை, அதோடு கணவரின் விந்தணுப் பரிசோதனை. இந்தக் கடைசிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு "அவள் நெகட்டிவ், அதனால்தான்" என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் சாக்கை யாரும் ஏற்கக் கூடாது.

இரத்த வகையே தொடர் கருச்சிதைவுக்குக் காரணமாவது ஓர் அரிய நிலையில் மட்டும் உறுதியாகத் தெரியும். பி-ஒன்று, பி-கே போன்ற பொருள்கள் சிவப்பணுவில் அறவே இல்லாத பெண்கள் உலகில் மிகச் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் உடலில் இயல்பாகவே உள்ள எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) ஆரம்ப மாதங்களிலேயே நச்சுக்கொடியைத் தாக்கிவிடும். நம் ஊரில் அச்சிடும் பாசிட்டிவ், நெகட்டிவ் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது உங்கள் விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். நீங்கள் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். கணவருக்கு டி இரண்டு பிரதிகளிலும் இருந்தால் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளும் பாசிட்டிவ். ஒன்றில் மட்டும் இருந்தால் ஒவ்வொரு முறையும் சரிபாதி வாய்ப்பு. இந்தியாவில் நெகட்டிவ் சுமார் 5 சதவீதம்தான் (ஐரோப்பியர்களில் 15 சதவீதம்). அதை வைத்துக் கணக்கிட்டால் நம் பாசிட்டிவ் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இரட்டைப் பிரதிக்காரர்கள். எனவே உங்கள் குழந்தை பாசிட்டிவாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் அறிவு.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நச்சுக்கொடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, பொதுவாகக் கலப்பதில்லை. ஆனால் பிரசவ நேரத்தில் நச்சுக்கொடி பிரியும்போது குழந்தையின் இரத்தம் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் போகும். ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகப் போனாலே போதும். தாயின் உடல் இதுவரை டி புரதத்தைப் பார்த்ததே இல்லை. அந்நியப் பொருள் என்று எண்ணி அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கத் தொடங்கும். இதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் முதல் குழந்தை பிறந்து தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் தலைச்சன் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

அடுத்த கர்ப்பத்தில் கதை மாறுகிறது. இம்முறை எதிர்ப்புப் புரதம் தயாராக இருக்கிறது, நச்சுக்கொடியைக் கடக்கக்கூடிய வகையாகவும் இருக்கிறது. அது நச்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கும். குழந்தைக்கு இரத்தசோகை வரும், கடுமையானால் இதயம் திணறி உடம்பெங்கும் நீர் கோக்கும், வயிற்றிலேயே இறக்கலாம். பிழைத்துப் பிறந்தாலும், அழிந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் மூளையில் படிந்து காது கேளாமையும் உடல் இயக்கக் கோளாறும் வரலாம். மூன்றாம், நான்காம் கர்ப்பங்களில் இது முன்கூட்டியே தொடங்கும், இன்னும் கடுமையாக இருக்கும். "ஒரு பிள்ளையோடு சரி" என்ற பேச்சின் வேர் இதுதான்.

உங்கள் இருவரின் வகைச் சேர்க்கையில் ஒரு நுணுக்கம் உண்டு. தாயின் ஏ, பி வகை குழந்தையோடு ஒத்துப்போகாவிட்டால், உள்ளே வரும் குழந்தையின் அணுக்களைத் தாயிடம் ஏற்கெனவே உள்ள ஆன்டி-ஏ அல்லது ஆன்டி-பி என்ற எதிர்ப்புப் புரதம் உடனே அழித்துவிடும். டி புரதத்தைப் பார்க்கவே தாயின் உடலுக்கு அவகாசம் கிடைக்காது. அப்படிப்பட்ட தாய்மார்களில் ஊசி போடாவிட்டாலும் சுமார் 2 சதவீதத்தினருக்குத்தான் எதிர்ப்புப் புரதம் உண்டாகும். ஒத்துப்போகும் வகையென்றால் அது சுமார் 16 சதவீதம். நீங்கள் பி, கணவர் ஓ. உங்கள் பிள்ளைகள் பி அல்லது ஓ ஆகத்தான் இருக்க முடியும். இரண்டுமே உங்களுக்கு ஒத்துப்போகும். அதாவது அந்த இயற்கைப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. ஊசியில் ஒரு நாளும் அலட்சியம் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

அந்த ஊசியின் பெயர் ஆன்டி-டி. மேலே தகட்டில் விட்ட அதே பெயர்தான். அடிப்படை யோசனை வியப்பானது: தாயின் உடல் எதிர்ப்புப் புரதத்தைத் தானே உண்டாக்கிவிடாமல் இருக்க, அதே புரதத்தை வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்துவிடுவது. அது குழந்தையின் அணுக்களை முதலில் துடைத்தெடுத்துவிடும், தாயின் உடல் கண்விழிக்காமலேயே விஷயம் முடிந்துவிடும். இங்கிலாந்தின் லிவர்பூலில் சிரில் கிளார்க், ரொனால்ட் ஃபின் குழுவினரும், நியூயார்க்கில் ஃப்ரேடா, கோர்மன், போலாக் ஆகிய மூவரும் ஒருவருக்கொருவர் தொடர்பின்றி இதைக் கண்டடைந்தார்கள். கிளார்க் மருத்துவர், பொழுதுபோக்காகப் பட்டாம்பூச்சி வளர்த்து அவற்றின் மரபியலை ஆராய்ந்தவர். அந்த ஆர்வம்தான் அவரை இரத்த வகை மரபியலுக்கு இழுத்துவந்தது. 1968இல் அமெரிக்காவில் ஊசி விற்பனைக்கு வந்தது. அதை இன்றும் பெரும்பாலும் மனிதப் பிளாஸ்மாவிலிருந்தே எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் தன் பிளாஸ்மாவை 1,173 முறை தானம் செய்தார், 2025இல் மறைந்தார். உலகின் எங்கோ ஒரு மூலையில் முகம் தெரியாத ஒருவர் நாற்காலியில் சாய்ந்து கை நீட்டியதால்தான் இந்த மருந்துக் குப்பி உங்கள் மருத்துவமனையின் குளிர்ப்பெட்டிக்கு வருகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சிதான்.

நடைமுறைக்கு வருவோம். கர்ப்பம் உறுதியானதும் முதல் பரிசோதனையிலேயே உங்கள் வகையோடு ஐ.சி.டி. என்ற பரிசோதனையும் செய்வார்கள். மறைமுகக் கூம்ப்ஸ் பரிசோதனை என்பதும் இதுதான். உங்கள் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது. நெகட்டிவ் என்று வர வேண்டும். (இரத்த வகை நெகட்டிவ் வேறு, இந்த நெகட்டிவ் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதபடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.) 28ஆம் வாரத்தில் மறுபடி ஐ.சி.டி. பார்த்துவிட்டு, 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசி தசையில் போடுவார்கள். பிரசவமானதும் தொப்புள்கொடி இரத்தத்தில் குழந்தையின் வகையைப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு இன்னொரு ஊசி. குழந்தை நெகட்டிவ் என்றால் அந்த இரண்டாவது ஊசி தேவையில்லை. இரண்டும் முறையாகப் போட்டால் எதிர்ப்புப் புரதம் உண்டாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

28ஆம் வார ஊசி போட்ட தேதியை உங்கள் தாய் சேய் நல அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு வேறு ஊருக்கு, தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அங்குள்ள மருத்துவமனையில் ஐ.சி.டி. பார்த்தால், போட்ட ஊசியே இரத்தத்தில் கொஞ்சம் மிச்சமிருந்து பாசிட்டிவ் என்று காட்டும். ஊசி போட்ட விவரம் தெரியாதவர் அதைப் பார்த்து, இனி ஊசியால் பயனில்லை என்று நிறுத்திவிடக்கூடும்.

அதிகம் தவறிப்போவது பிரசவ ஊசி இல்லை, கருச்சிதைவுக்குப் பிறகான ஊசி. கரு கலைந்த துக்கத்தில், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும் பெண்ணிடம் யாரும் இரத்த வகையைக் கேட்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரையை மருந்துக்கடையில் தானே வாங்கிச் சாப்பிடுபவரிடம் கேட்க ஆளே இல்லை. 12 வாரங்களுக்கு முன்பு கலைந்தால் ஊசி வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் 12 வாரத்துக்குட்பட்ட கருக்கலைப்புக்குத் தேவையில்லை என்கிறது, நம் ஊர் மருத்துவர்கள் பலர் இன்னும் போடுகிறார்கள். அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் விவாதமே இல்லை, போட்டாக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், பனிக்குட நீர் எடுக்கும் பரிசோதனை, வயிற்றில் அடி, இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தது, கர்ப்ப காலத்தில் இரத்தப்போக்கு என்று எது நேர்ந்தாலும் மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் "நான் நெகட்டிவ்" என்பதாக இருக்கட்டும். 300 மைக்ரோகிராம் ஊசி சுமார் 30 மில்லிலிட்டர் குழந்தை இரத்தத்தைச் சமாளிக்கும். நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து அதிக இரத்தம் கலந்த சந்தர்ப்பங்களில் கூடுதல் ஊசி தேவைப்படும்.

எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே உண்டாகிவிட்ட பெண்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஆன்டி-டி பயன்படாது, ஆனால் வழி இருக்கிறது. புரதத்தின் அளவை மாதந்தோறும் அளப்பார்கள். 1:16 அல்லது 1:32 என்ற அளவை (இரத்தத்தை அத்தனை மடங்கு நீர்த்தாலும் புரதம் தெரிகிறது என்று பொருள்) எட்டினால் குழந்தையின் மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். இரத்தசோகை வந்த குழந்தையின் இரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடும். ஊசி குத்தாமலேயே சோகையைக் கண்டுபிடித்துவிடலாம். தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே தொப்புள்கொடி வழியாக இரத்தம் ஏற்றுவார்கள். வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கு இரத்தம் ஏற்றும் சிகிச்சையை நியூசிலாந்தின் வில்லியம் லைலி 1963இல் தொடங்கிவைத்தார். இன்று சென்னை போன்ற நகரங்களில் சிசு மருத்துவ மையங்களில் செய்கிறார்கள். பொதுப் பிரசவ மருத்துவமனையில் காத்திருக்காமல் சீக்கிரமே அங்கே போவதுதான் முக்கியம்.

ஓ வகைத் தாய்க்கு ஏ அல்லது பி குழந்தை பிறக்கும்போதும் ஒரு பொருத்தமின்மை உண்டு. தென்னிந்தியாவில் ஓ வகையினர் அதிகம், எனவே இது அன்றாடம் பார்ப்பது. முதல் குழந்தைக்கே வரலாம், ஆனால் பெரும்பாலும் லேசானது. இதற்காக வயிற்றுக்குள் குழந்தை இறப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் காமாலை தெரியும், நீல விளக்கின் கீழ் ஓரிரு நாள் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்கு இந்தச் சேர்க்கை இல்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன்: பிறந்து 24 மணி நேரத்துக்குள் குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றே பிலிரூபின் அளவு பார்க்க வேண்டும்.

"ஒரே இரத்த வகையில் கல்யாணம் செய்யக் கூடாது" என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கணவனும் மனைவியும் ஓ பாசிட்டிவ் என்றால் இதுவரை சொன்ன இரண்டு பொருத்தமின்மைகளுக்கும் இடமில்லை. ஒரே வகை என்பதால் இருவரும் இரத்த உறவு ஆகிவிடமாட்டார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது அக்கா மகளையும் அத்தை மகனையும் மணக்கும் சொந்தத்துத் திருமணங்களில் இருக்கிறது. அங்கே ஒரே குறைபாட்டு மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரலாம். இரத்தப் பரிசோதனையே செய்வதென்றால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனையைச் செய்யுங்கள். பரம்பரை இரத்த நோய்களான தலசீமியாவையும் அரிவாள் செல் சோகையையும் சுமப்பவரா என்று அது சொல்லும். அரிவாள் செல் இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் பதிவானது. இருவருமே சுமப்பவர்கள் என்றால் குழந்தை நோயோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. இரத்த வகையைக் கேட்டு வரன்களைத் தட்டிக்கழிக்கும் வீடுகள் இதைக் கேட்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

கடைசியாக, பிரசவத்துக்கு இரத்தம் ஏற்பாடு செய்வது. பி நெகட்டிவ் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஏழாம் மாதத்திலேயே மருத்துவமனையிடமும் அருகிலுள்ள இரத்த வங்கியிடமும் சொல்லிவையுங்கள். உங்கள் உடன்பிறந்தவர்களின் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களில் யாராவது நெகட்டிவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அவர்கள் தரும் இரத்தம் உங்களுக்கே வர வேண்டியதில்லை, உறவினர் இரத்தத்தைக் கதிர்வீச்சு செய்யாமல் நேரடியாக ஏற்றுவது நல்லதல்ல, வங்கியில் மாற்றாகக் கொடுக்கலாம். கணவரின் வகை ஒத்துப்போனாலும், இனியும் குழந்தை பெறப்போகும் மனைவிக்கு அவர் இரத்தத்தை ஏற்றவே கூடாது. டி தவிர கெல் போன்ற வேறு எத்தனையோ புரதங்கள் அவர் அணுக்களில் இருக்கலாம்; அவற்றுக்கு எதிராக மனைவியின் உடல் உண்டாக்கும் புரதம், அதே அப்பாவின் பொருள்களைச் சுமந்து வரும் அடுத்த குழந்தையைத் தாக்கும். பாசிட்டிவ் பெண்களுக்கும் இது பொருந்தும். ஆகவே பிரசவ அறை வாசலில் "என் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கை நீட்டும் கணவரை இரத்த வங்கிக்கு அனுப்புங்கள். அங்கே அவர் கொடுப்பது வேறொருவருக்குப் போகும், உங்களுக்கு வேறொருவருடையது வரும்.